அந்தியேட்டிக்கு வந்த சாரதி

எங்கள் ஊருக்கு ரயில் திரும்பி வந்த நாளில் ஊரே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் பயந்தேன்.

சிட்னியில் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்து என்னை வெளியே விட்டு, நான் மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்த புதிது. நாலு பேர் சேர்ந்திருந்த வாடகை வீட்டின் குசினியில் நின்று, அக்கா அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வாழைக்குலை கட்டிய எஞ்சின் மெதுவாக வருகிறது. பிள்ளைகள் கை காட்டுகிறார்கள். கிழவிகள் சிலர் கும்பிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற சிலர் கையும் காட்டவில்லை, கும்பிடவும் இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள். கடைசிப் பெட்டி போன பிறகு ஓரமாக நின்று சிரித்தவர் என் அத்தான், அக்காவின் புருஷன். வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ரயில் அவருக்கு முன்னால் வரும் வரைக்கும் அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அத்தானுக்குக் காது கேட்காது. சண்டைக் காலத்தில் வளவுக்குள் விழுந்த ஷெல் ஒன்று இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. முகத்துக்கு நேரே நின்று கத்தினால் வாயசைவைப் பார்த்துக் கொஞ்சம் பிடிப்பார். பின்னால் நின்றால் வெடி கொளுத்தினாலும் தெரியாது.

ரயில் பாதையோ அக்காவின் வளவுக்குப் பின்னால் போகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அதில் ரயில் ஓடவில்லை. தண்டவாளங்கள் பங்கர்களுக்குப் போயின. சிலிப்பர் கட்டைகளும் அதே வழி. எங்கள் பங்கருக்கு மேலேயும் தண்டவாளத் துண்டுகள் கிடந்தன. அவற்றுக்குக் கீழே குந்தியிருந்துதான் நாங்கள் உயிர் தப்பினோம். மிஞ்சியது மண் அணை மட்டும். மாரி மழைக்கு ஊர் முழுக்க வெள்ளம் நிற்கும்போது அந்த அணை மட்டும் காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, செத்தவீட்டுக்கு எல்லாம் அதன் மேலால்தான் போவது. “ரயில் றோட்டால போ” என்று ஒருவர் சொன்னால் நடந்து போ என்றுதான் எங்கள் ஊரில் கருத்து. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு மூட்டை சுமக்கப் போனதும் அந்த அணையால்தான். விமானச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் ஓடுவது, ஷெல் குத்தும் சத்தத்துக்கு எத்தனை நேரம் படுத்துக் கிடப்பது என்று எங்களுக்குத் தெரியும். ரயிலுக்கு ஒதுங்க எங்களுக்கு யாரும் பழக்கவில்லை.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“கடவைக்குக் கேற் போட்டிருக்கினமோ அக்கா?”

“கேற் இல்லையடா. சிவப்பு லைற்றும் மணியும்.”

“மணியோ? அத்தானுக்கு மணி என்னத்துக்கு?”

“லைற்றைப் பாப்பார்தானே.”

“லைற் றோட்டைப் பாத்து நிக்குது. அவர் அணையில நடக்கிறார். எப்பிடிப் பாக்கிறது?”

அக்கா சிரித்தாள். “நடுக்கடலால ஓட்டைப் போட்டில போனவன் நீ. உனக்கு ரயிலுக்குப் பயமோ?”

போட்டில் ஏறியபோது எனக்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை. இங்கே நேரம் இருந்தது. ரயில் எங்கள் ஊரைக் கடக்கும் நேரங்களைக் கேட்டுப் பாடமாக்கி, அந்த நேரங்களுக்குச் சற்று முன்னால் அக்காவுக்கு அடிப்பேன். அத்தான் வீட்டிலையோ, எங்கே போனவர், எந்தப் பக்கத்தால் போனவர். அக்காவின் இளைய மகன், என் மருமகன், ஓட்டோ ஓடுகிறவன், வாய்க்காரன். “மாமா, ஸ்டேஷன் மாஸ்டர் உங்களைத் தேடுறார். இண்டைக்கு ரயில் பிந்துமோ எண்டு கேக்கட்டாம்” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, “சரியடா, அவர் எங்கை?” என்று திரும்பக் கேட்பேன்.

அணையால் போக வேண்டாம் என்று அத்தானுக்கு அக்கா கையாலும் வாயாலும் எத்தனையோ தரம் சொன்னாள். அவர் தலையாட்டுவார். பிறகு ஆட்டுக்குக் குழை வெட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அதே வழியால் வருவார். பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். கால் பழகிய வழி. தவிர, அவருடைய மூத்த மகன் கடைசிச் சண்டையில் காணாமல் போனதில் இருந்து அவர் யாருடைய சொல்லையும் காதில் வாங்குகிற நிலையில் இல்லை. காது கேட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

நான் பயந்தது நடந்தது. போன மாரியில், ஒரு பகல் நேரம். மருமகன் எனக்குப் போன் எடுத்து “மாமா, அப்பாவை ரயில் அடிச்சுப்போட்டுது” என்றான்.

நான் போகவில்லை. என்னுடைய விசாவில் இந்த நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டைப் போனில் பார்த்தேன். யாரோ போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா அந்தக் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து, “தம்பி, நீ சொன்னனீ, நீ சொன்னனீ” என்று தலையில் அடித்தாள். நான் சொன்னதுதான். அதில் எனக்கு என்ன பெருமை.

அதோடு முடியவில்லை. அத்தானின் சைக்கிள் அணைக்குக் கீழே, ஒரு பனையோடு ஒழுங்காகச் சாத்தியபடி நின்றது. குழைக்கட்டு அவிழாமல் பின்கரியரில் இருந்தது. மரண விசாரணைக்கு வந்த அதிகாரி அக்காவிடம், “வீட்டில ஏதும் பிரச்சினையோ அம்மா?” என்று கேட்டாராம். அவர் தன் கடமைக்குக் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்வி ஊருக்குள் இறங்கிவிட்டது. சைக்கிளைச் சாத்திப்போட்டு மனுசன் ஏன் மேலே ஏறினவர்? மகனை நினைச்சு மனம் வெறுத்திருப்பார். வேணுமெண்டுதான் நிண்டிருப்பார். அக்காவுக்குக் கேட்கக் கூடியதாகவே பேசினார்கள்.

“தம்பி, அண்டைக்குக் காலமை அவருக்குத் தேத்தண்ணி குடுக்க நான் மறந்துபோனன். கேக்காமலே போட்டார். கோவமெண்டு நினைக்கிறியோ?”

“தேத்தண்ணிக்கு ஆரும் சாவினமோ அக்கா?”

“அப்ப ஏன் சைக்கிளைச் சாத்தினவர்?”

ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. அக்கா சாப்பிடுவதை விட்டாள், படுப்பதை விட்டாள். நாற்பது வருஷம் கூட இருந்த மனுசன் தன்னை விட்டுப் போனாரா, அல்லது ரயில் அடித்துத்தான் போனாரா என்பது தெரியாமல் அவள் துக்கம் எந்தப் பக்கமும் நகரவில்லை. நான் வேறு வழி தெரியாமல் புதுப் பயம் ஒன்றைத் தொடங்கினேன். அக்காவும் அந்த அணையில் ஏறிவிடுவாளோ என்று.

எனக்கு இங்கே வேலை, ரயில் ஓடாத நாட்களில். கிளென் வேவர்லிப் பாதையிலோ வேறு பாதையிலோ திருத்த வேலை நடக்கும்போது ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவார்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சனத்துக்கு எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று கை காட்டுவது என் தொழில். ஆங்கிலம் குறைவானவனுக்கும் கை காட்ட முடியும். என்னோடு அநேகமாக ஒரே வேலைமுறையில் நிற்பவர் ஒரு சிங்களவர். குருநாகல் பக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இளமையில் கொழும்பு புறக்கோட்டையில் தமிழ் முதலாளி ஒருவரின் இரும்புக் கடையில் நின்றவர், அந்தக் கடைத் தமிழ் இன்னும் வாயில் இருக்கிறது. நான் அவரை அய்யே என்பேன். அவர் என்னை மல்லி என்பார். அண்ணன், தம்பி என்று அர்த்தம். “மல்லியாம், இனிச் சீரகம் ஆர்?” என்று என் வீட்டுப் பொடியள் நக்கலடிப்பார்கள்.

நாங்கள் சண்டையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று யாரும் ஒப்பந்தம் எழுதவில்லை. முழங்கால் நோ, கிரிக்கெட், பெற்றோல் விலை என்று பேசிப் பேசி அந்த இடத்தைச் சுற்றிப் போகப் பழகியிருந்தோம். அத்தான் செத்ததை மட்டும் சொல்லியிருந்தேன். காது கேட்காததையும், ஆடுகளையும், குழைக்கட்டையும், பனையோடு சாத்திய சைக்கிளையும், ஊர்க்கதையையும். அய்யே தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

அந்தியேட்டி நாள் வந்தது. ஆள் செத்து ஒரு மாதம் கழித்துச் செய்யும் காரியம். கீரிமலைத் தீர்த்தக்கரையில் கடமையை முடித்து வந்து, வீட்டில் ஊருக்குச் சாப்பாடு. நான் அன்றைக்கும் வேலையில். வெயில் சாயாத பின்னேரம். ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருவதற்கிடையில் போன் அடித்தது. மருமகன்தான்.

“மாமா, ஒருத்தன் வந்து படலையில நிக்கிறான். சிங்களம்தான் கதைக்கிறான். ரயில் ஓட்டினவனாம்.”

“எந்த ரயில்?”

“எந்த ரயில் எண்டு கேக்கிறியள்? அந்த ரயில்தான்.”

ஒரு நொடியில் எல்லாம் மனதில் ஓடியது. பொலிசோடு வந்தானோ, வாக்குமூலம் கேட்க வந்தானோ, சனம் கூடி அவனை அடித்துப்போட்டால் பிறகு மருமகனைத்தானே பிடிப்பார்கள்.

“அவனோட வேற ஆரும் வந்திருக்கினமோ?”

“தனியத்தான். பஸ்ஸில வந்தவனாம். கையில சீனிப் பையும் தேயிலையும் வைச்சிருக்கிறான். செத்தவீட்டுக்குச் சீனியோ மாமா? அண்டைக்குக் கோர்ண் மட்டும் அடிச்சவன், நிப்பாட்டேல்லை, இண்டைக்குச் சீனி கொண்டந்து நீட்டுறான். நான் கலைச்சு விடப்போறன்.”

“கலை, ஆனா கை வைக்காதை” என்றேன். அதற்குள் அக்கா போனைப் பறித்துவிட்டாள்.

“கலைக்க வேண்டாம் எண்டு சொல்லு தம்பி. அவரைக் கடைசியாக் கண்டது உவன்தானேயடா. உவனைத் தவிர வேற ஆருக்குத் தெரியும்? ஆனா உவன் கதைக்கிறது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அய்யே கிட்ட வந்தார். “என்னா மல்லி?”

சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார். “போனைத் தாங்க.”

முதலில் சீனிக் கதையை முடித்தார். “தம்பி, எங்கட ஆளுங்க செத்த வீட்டுக்கு வெறுங்கையா போறதில்ல. வாறவங்களுக்கு டீ குடுக்க ஒதவியா இருக்கட்டும்னு கொண்டு போறது. வேற ஒண்ணும் நினைக்க வேணாங்.” படலை திறக்கிற சத்தம் கேட்டது.

சாரதியை விறாந்தையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். மருமகன் வீடியோவைப் போட்டுப் போனை நிமிர்த்திப் பிடித்தான். முப்பது வயது மதிக்கலாம். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, சவரம் செய்யாத முகம். அக்கா அவனுக்கு எதிரே நிலத்தில் இருந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி தலையைக் குனிந்திருந்தாள்.

“அவர் காது கேட்காதவர் எண்டு முதல்ல சொல்லுங்கோ” என்றாள் அக்கா. “அவனுக்கு அது தெரியாதாக்கும்.”

அய்யே சிங்களத்தில் சொன்னார். அந்தப் பையன், பையன் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது, நிமிர்ந்து பார்த்தான். திரும்ப ஒருதரம் கேட்டான். அய்யே திரும்பவும் சொன்னார். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. விறாந்தையில் நின்ற சனம் கிட்ட வந்தது.

“கோர்ண் அடிச்சுக்கிட்டே வந்தாராம் அக்கா” என்றார் அய்யே. “கேட்டும் போகாம நிக்கிறாருன்னு நினைச்சாராம். ஒரு மாசமா வேலைக்குப் போகல்லியாம். கண்ண மூடினா அதானாம்.”

“அவர் ஏன் அங்க நிண்டவர் எண்டு கேளுங்கோ. ஒளிக்காமல் சொல்லட்டும்.”

அய்யே கேட்டார். அவன் பேசத் தொடங்கினான். நீண்ட நேரம் பேசினான். இடையில் ஒரு பஸ் வந்தது, நான் ஒரு கையால் சனத்துக்கு வழி காட்டிக்கொண்டு காதையும் கண்ணையும் போன் பக்கம் வைத்திருந்தேன். கொழும்பு லொட்ஜில் இருந்த காலத்தில் பொறுக்கிய சில சொற்களைத் தவிர எனக்குச் சிங்களம் தெரியாது. அவன் கைகளை முழங்காலில் வைத்து அசையாமல் பேசினான். ஒரேயொரு முறை தலையைத் திருப்பித் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தான், பார்த்தபடி சற்று நின்றான். தான் முகத்தைத் திருப்பியதைக் காட்டினானா, அத்தான் திரும்பியதைக் காட்டினானா, எனக்குத் தெரியாது. அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

அவன் முடித்த பிறகு அய்யே தொண்டையைச் செருமினார்.

“அக்கா, ஒரு ஆட்டுக்குட்டி லைனுக்குள்ள நின்னிச்சாம். அதைப் புடிக்கத்தான் ஐயா ஏறினாராம். குனிஞ்சு நின்னாராம். திரும்பிப் பாக்கவே இல்லியாம். ஒண்ணும் தெரியாமத்தான் போயிட்டாராம்.”

அக்கா நிமிர்ந்தாள். “குட்டியோ?”

“குட்டி.”

“என்ன நிறம்?”

“வெள்ளை” என்றார் அய்யே.

அவர் அந்தப் பையனிடம் கேட்கவில்லை. அக்கா கேட்டாள், அய்யே சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பையன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப அது முன்வீட்டுக்காரற்ற குட்டி” என்றாள் அக்கா. “அறுந்துபோனது எப்பவும் கட்டறுத்துக்கொண்டு திரியும். அதுக்குத்தான் சைக்கிளைச் சாத்தியிருக்கிறார். கேட்டியளோ? கேட்டியளோ எல்லாரும்?” பிறகு அழத் தொடங்கினாள். செத்தவீட்டில் அழுத அழுகை வேறு, இது வேறு. பெண்கள் வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். இந்த முறை பெண்களோடு சேர்ந்து அவள் அழுதாள்.

அவனுக்கு இலை போட்டார்கள். மருமகன்தான் பரிமாறினான் என்று பிறகு அக்கா சொன்னாள். ஒரு கதையும் இல்லை, சோற்றை மட்டும் இரண்டாந்தரமும் கேளாமல் போட்டானாம். சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பையன் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, கும்பிடவும் இல்லை, மெதுவாக எழும்பிப் படலையால் போய்விட்டான். “செத்தவீட்டில சொல்லிக்கொண்டு போகக் கூடாது எண்டு அவைக்கும் இருக்குதாக்கும்” என்றாள் அக்கா. அதை அவள் ஆச்சரியமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள்.

போனை அய்யே என்னிடம் தந்தார். கையுறையைப் போட்டார். அடுத்த பஸ்ஸும், அதற்கடுத்ததும் போயின. நான் கேட்க வாயெடுத்தேன். உண்மையில் அவன் என்ன சொன்னான் என்று. என் சுபாவத்துக்கு அதைக் கேட்காமல் இருப்பது முடியாத காரியம். நான் கேட்பதற்குள் அவரே, என்னைப் பார்க்காமல், பேசினார்.

“என் அக்கா மகன் ஆமியில இருந்தான் மல்லி. உங்கட ஊர்ப் பக்கம்தான் நின்னான். பெட்டி வந்திச்சு. தொறக்க விடல்ல. எப்படிச் செத்தான்னு யாரும் வந்து சொல்லல்ல. அக்கா சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. எவனாவது ஒருத்தன் வந்து எதையாவது சொல்லியிருக்கலாம்.”

எதையாவது என்றார். நான் என் கேள்வியை விழுங்கிவிட்டேன்.

இப்போது அக்கா சாப்பிடுகிறாள். படுக்கிறாள். ஊரில் அந்தக் கதை அடங்கிவிட்டது. போன் எடுக்கும்போதெல்லாம் குட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் வைக்கமாட்டாள். அது வளர்ந்துவிட்டதாம். வேலிக்கு மேலால் எட்டி அவளுடைய பூவரசங்குழையைத் தின்கிறதாம்.

“கண்டால் கோவம் வரேல்லையடா தம்பி. வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும்?”

“ஓம் அக்கா” என்பேன்.

அத்தானுக்காக ரயில் நேரங்களைப் பாடமாக்கி வைத்த மண்டைக்குள் இப்போது முன்வீட்டுக்காரர் இருக்கிறார். நல்ல மனுசன், மனதில் ஒன்றையும் வைத்திருக்கத் தெரியாதவர். அன்றைக்கு அந்தக் குட்டி பட்டியை விட்டு வெளியே போகவே இல்லை என்று, ஏதோ ஒரு கதையோடு கதையாக, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் ஒரு நாள் அக்காவிடம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.